புதுமுக மாணவரின் பக்கம் நில்லுங்கள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்துக்கும் பீட ஒன்றியங்களுக்கும் இம்முறை பொறுப்பேற்கும் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். நான் வன்னியில் உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கும் ஆசிரியை. வெட்டுப்புள்ளி வெளிவந்தால் போதும், என் கைபேசி ஓயாது. எந்தப் பீடம் கிடைக்கும், விடுதி தருவார்களா, மகாபொல உதவிப்பணம் எப்போது வரும் என்று தாய்மார் கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வேன். பிள்ளை உள்ளே போன பிறகு வருகிற அழைப்புகள்தான் வேறு மாதிரியானவை. அவற்றுக்கு என்னிடம் பதில் இருப்பதில்லை, உங்களிடம்தான் இருக்கிறது.

நீங்கள் அமரப்போகும் கதிரை லேசானதல்ல என்று எனக்குத் தெரியும். 1974இல், பரமேஸ்வராக் கல்லூரி இருந்த திருநெல்வேலி வளவில், பேராசிரியர் கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. அன்று முதல் அங்கே மாணவர்களுக்குத் தலைமை தாங்குவது உயிரைப் பணயம் வைக்கிற வேலையாகவே பல காலம் இருந்திருக்கிறது. 1983 ஜூலை வன்செயல்களுக்குப் பிறகு தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்களுக்குத் திரும்பிப் போக முடியாமல் நின்ற தமிழ் மாணவர்களுக்காக, 1984 ஜனவரியில் அந்த வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2001 ஜனவரி 17ஆம் திகதி பொங்கு தமிழ் எழுச்சி நிகழ்வை நடத்தினார்கள். 2016 ஒக்ரோபரில் குளப்பிட்டியில் இரண்டு மாணவர்கள் இறந்தபோது முதலில் அதை விபத்து என்றார்கள். துப்பாக்கிச் சூடு என்பது பிறகே வெளியானது, பொலிஸார் ஐவர் கைதானார்கள். அந்த நாட்களில் மாணவர்கள் வீதிக்கு வராமல் இருந்திருந்தால் விபத்து என்ற சொல்லே கடைசிவரை நின்றிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிந்திய தேடுதலில், ஒன்றியத்தின் தலைவரும் செயலாளரும் சிற்றுண்டிச்சாலை நடத்தியவரும் கைதானார்கள். விடுதலைப் புலிகள் தொடர்பான படங்கள் கிடந்தன என்பதுதான் காரணம். பிணை கிடைக்க ஏறத்தாழ இரண்டு வாரமானது. 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு, பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை இடித்தபோது, கொரோனாக் கட்டுப்பாடுகளுக்கு நடுவிலும் மாணவர்கள் வாசலில் இரவிரவாக நின்றார்கள். உண்ணாவிரதம் இருந்தார்கள். 11ஆம் திகதி காலை துணைவேந்தரே வந்து அடிக்கல் நாட்ட வேண்டியதாயிற்று. ஏப்ரல் மாதம் தூபி மீண்டும் எழுந்தது. மூன்றே நாளில் ஒரு நிர்வாகத்தின் முடிவை மாற்றிக் காட்டிய பிள்ளைகளை நான் மதிக்கிறேன். அவர்களுக்குப் பின்னால் வருகிறீர்கள் என்பதால்தான் உங்களிடம் எதிர்பார்க்கவும் செய்கிறேன்.

இந்த வரலாற்றில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அதிகம் பேசப்படாத ஒன்றை. 1986 நவம்பரில் மட்டக்களப்பைச் சேர்ந்த மாணவர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் வைத்துக் கடத்தப்பட்டார். கடத்தியது இராணுவமல்ல. அன்றைய யாழ்ப்பாணத்தில் ஆயுதம் வைத்திருந்தவர்களைப் பார்த்து ‘எங்கள் மாணவனைத் தா’ என்று கேட்பது எவ்வளவு பயங்கரம் என்பதை அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மாணவர்கள் கேட்டார்கள். உண்ணாவிரதம் இருந்தார்கள், ஊர்வலம் போனார்கள். அந்த மாணவர் திரும்பி வரவேயில்லை. போராட்டத்தை முன்னின்று நடத்திய விமலேஸ்வரன் 1988 ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்தில் சொந்தபந்தமில்லாத, வெளிமாவட்டத்து ஒற்றைப் பிள்ளைக்காக அத்தனை பேர் பட்டினி கிடந்தார்கள். மாணவர் ஒன்றியம் என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன்.

ஆண்டில் சில நாட்கள் நீங்கள் ஊடகங்களுக்கு முன்னால் நிற்கிறீர்கள். மே 18 முள்ளிவாய்க்கால் நினைவேந்தல், நவம்பர் 27 மாவீரர் நாள், இடையில் ஓர் ஊர்வலம், ஓர் அறிக்கை. அந்த நாட்களை எப்படி நடத்துவது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மீதி நாட்களில் ஒன்றிய அறையின் கதவு திறந்திருக்கிறதா என்பதே என் கவலை.

போன ஆண்டு என்னிடம் படித்த ஒரு பிள்ளை நிதியுதவிப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தாள். படிவத்தை நிரப்பத் தெரியாதவளல்ல, கெட்டிக்காரி. தந்தையின் பெயர், தந்தையின் தொழில், தந்தையின் வருமானம் என்ற மூன்று வரிகளில் பேனாவை வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். தகப்பன் 2009 மே மாதத்தில் வட்டுவாகலைக் கடந்த பின் காணாமற்போனவர். இறந்துவிட்டார் என்று எழுதினால் மரணச் சான்றிதழ் கேட்பார்கள். தாய் அதை எடுக்க மாட்டேன் என்று இன்றுவரை நிற்கிறாள். உயிரோடு இருக்கிறார் என்று எழுதினால் வருமானம் எவ்வளவு என்ற கேள்வி வரும். காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழைப் பெற 2016இல் சட்டம் வந்தது. அது இருக்கிறது என்பதே அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதை எடுக்க மனம் வருமா என்பது வேறு கதை. கிராம அலுவலரிடம் ஒரு கடிதம், பிரதேச செயலகத்தில் ஒரு ஒப்பம் என்று அலைந்து கடைசியில் ஒருவாறு அனுப்பினோம்.

இந்தப் பிள்ளையைப் போல வன்னியிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு நினைவேந்தல் மே மாதத்தில் ஒரு நாள் மட்டும் வருவதில்லை, ஒவ்வொரு விண்ணப்பப் படிவத்திலும் வருகிறது. மாணவர் நலன் அலுவலகத்தோடு பேசி, காணாமற்போனவர்களின் பிள்ளைகள் எந்தப் பத்திரத்தைக் கொடுத்தால் போதும் என்று ஒரு பக்க அறிவித்தல் போடச் செய்ய ஒன்றியத்தால் முடியாதா? ஊர்வலம் தேவையில்லை. ஒரு கடிதமும் இரண்டு சந்திப்பும் போதும். முள்ளிவாய்க்காலை நினைவுகூருவது என்பதில் இந்த வேலையும் சேரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மகாபொல கொடுப்பனவு நெடுங்காலம் மாதம் 5000 ரூபாவாகவே கிடந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 7500 ரூபாவாக உயர்ந்தது. இன்றைய அரிசி விலைக்கும் பஸ் கட்டணத்துக்கும் கொடுப்பனவு எத்தனை நாளைக்குக் காணும் என்று விடுதியில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதுவும் பிந்தி வந்தால் முதலில் நிற்பது காலைச் சாப்பாடு. பசியோடு விரிவுரையில் இருக்கிற பிள்ளை யாரிடமும் சொல்லாது. யார் யார் அப்படி இருக்கிறார்கள் என்பதை விரிவுரையாளரைவிட, விடுதிப் பொறுப்பாளரைவிட, கூடப் படிக்கிற நீங்கள்தான் முதலில் அறிவீர்கள்.

இனி, இந்த மடலை எழுத வைத்த விடயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் படித்த ஒரு பையன் சில ஆண்டுகளுக்கு முன் பல்கலைக்கழகம் போனான். எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதமாட்டேன், இந்த நாட்டில் எதுவாகவும் இருக்கலாம். மாவட்ட ஒதுக்கீட்டில் மயிரிழையில் தெரிவானவன். நாடளாவிய தரவரிசைக்கு 40 வீதம், மாவட்டங்களுக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்ற அனுமதிக் கணக்கை வகுப்பில் நான் சொல்லும்போது, கடைசி ஐந்தையாவது பிடித்துவிடுகிறேன் ரீச்சர் என்பான். தாய் சந்தையில் மரக்கறி விற்கிறவள். ஊரில் அவர்கள் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் போகும் முதல் ஆள் அவன்.

போய்ச் சில வாரங்களுக்குள் ஓர் இரவு அழைத்தான். குளியலறைக்குள் நின்று பேசுகிறான் என்பது தண்ணீர்ச் சத்தத்தில் தெரிந்தது. குரலை அடக்கிப் பேசினான். "ரீச்சர், லெக்சர்சுக்குப் போகாட்டிலும் பரவாயில்லையாம். அண்ணாமாரின்ர ரூமுக்குப் போகாமல் இருக்கேலாது." போனால் என்ன நடக்கிறது என்று கேட்டேன். சிலதைச் சொன்னான். உடுப்புத் தோய்ப்பது, இரவு முழுக்க முழங்காலில் நிற்பது. சிலதைச் சொல்லவில்லை. "ஒன்றியத்திட்டைச் சொன்னனியோ?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "ரீச்சர், அவங்கள்தான் ஒன்றியம்."

அவன் படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டான். இன்று ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். தாய்க்கு இன்னும் முழுக் காரணம் தெரியாது. அந்த மூன்று சொற்கள் மட்டும் என் காதைவிட்டுப் போகவில்லை.

உங்கள் ஒன்றியம் அப்படியானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பகிடிவதை என்றதும் உங்களில் சிலரும் சொல்லக்கூடிய நியாயங்கள் எனக்குத் தெரியும். பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒன்றாகிறார்கள் என்பார்கள். கூச்சம் போகும், ஒற்றுமை வரும் என்பார்கள். போராட்டத்துக்குக் கூப்பிட்டால் வருகிற பட்ச் வேண்டுமென்றால் முதலாம் வருடத்திலேயே வளைக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன். இதில் எதையும் நான் ஏற்கவில்லை. பயத்தால் வந்து நிற்பவன், பயம் விட்ட அன்றே போய்விடுவான். 1986இல் பட்டினி கிடந்த மாணவர்களை யாரும் முழங்காலில் நிறுத்தி அங்கே கொண்டுவரவில்லை. அதிகாரத்தின் முன் தலைகுனிய மாட்டோம் என்று வாசலில் கோஷம் போடும் பிள்ளை, விடுதிக்குள் போனதும் தன்னைவிட ஒரு வயது குறைந்தவனைத் தலைகுனிய வைக்கிறான் என்றால் அந்தக் கோஷத்தை யார் நம்புவார்கள்?

1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குப் போன தமிழ் மாணவர் ஒருவர், பகிடிவதையாகச் செய்வித்த கடும் உடற்பயிற்சியால் சிறுநீரகங்கள் செயலிழந்து இறந்தார். எங்கள் பிள்ளை. செய்தவர்கள் யார், எந்த மொழி பேசியவர்கள் என்று கேட்கிறவர்கள், இன்றைக்கு எங்கள் விடுதிகளில் எந்த மொழியில் அதட்டுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். அதற்கு அடுத்த ஆண்டுதான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு ஆண்டுகள் வரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து ஆண்டுகள் வரை. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. பிள்ளைகள் இன்னும் குளியலறைக்குள் நின்றுதான் வீட்டுக்குப் பேசுகிறார்கள். சட்டத்தால் விடுதியின் இரண்டாம் மாடிக்கு இரவு பன்னிரண்டு மணிக்குப் போக முடியாது. நீங்கள் போகலாம். அது உங்களால் மட்டுமே முடிகிற வேலை, வேறு எவரிடமும் அதை ஒப்படைக்க முடியாது.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். கலைப்பீட விரிவுரை மண்டபத்தை எட்டிப் பார்த்தால் பெரும்பாலான இருக்கைகளில் அவர்கள்தான். ஊடகச் சந்திப்பில் ஒலிவாங்கிக்கு முன்னால் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். கைபேசியில் வரும் அருவருப்பான செய்தியைக் காட்டி முறையிட ஒரு பெண்பிள்ளை ஒன்றிய அறைக்கு வருகிறாள் என்று வையுங்கள். உள்ளே ஆறு ஆண்பிள்ளைகள் இருந்தால் அவள் வாசலிலேயே திரும்பிவிடுவாள். நிர்வாகக் குழுவில் பெண்களுக்கு உபசெயலாளர் பதவியைக் கொடுத்துவிட்டு ஆயிற்று என்று இருக்காதீர்கள்.

அறிவியல்நகருக்கு எத்தனை தடவை போவீர்கள்? விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் ஆகிய மூன்று பீடங்களும் அங்கேதான், கிளிநொச்சியில், இருக்கின்றன. ஏ9 வீதியில் திருநெல்வேலியிலிருந்து வெகுதூரம். சித்த மருத்துவம் கைதடியில், நுண்கலை மருதனார்மடத்தில். ஒன்றியம் என்றால் திருநெல்வேலி என்று ஆகிவிட்டால் மற்ற இடங்களில் இருப்பவர்கள் அழைப்பிதழில் பெயர் வருகிறவர்கள் மட்டுமே. பொறியியல் பீடத்துக்கு என் பள்ளியிலிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள். சொந்த மாவட்டத்தில் படிப்பதால் செலவு குறைவு என்று சந்தோஷப்படுகிறார்கள். அவர்களின் குறையைக் கேட்க ஒருவரும் வருவதில்லை என்றும் சொல்கிறார்கள்.

அதே அறிவியல்நகரில் காலியிலிருந்தும் குருநாகலிலிருந்தும் வந்த சிங்களப் பிள்ளைகள் படிக்கிறார்கள், முஸ்லிம் பிள்ளைகள் படிக்கிறார்கள். இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். 2016 ஜூலையில் விஞ்ஞானபீடத்துப் புதுமுக மாணவர் வரவேற்பில், கண்டிய நடனம் சேர்ப்பதா இல்லையா என்பதில் தொடங்கிய தகராறு கைகலப்பில் முடிந்தது. பல மாணவர்கள் காயப்பட்டார்கள், பல்கலைக்கழகத்தை மூட நேர்ந்தது. அன்றைய அரசியல் காரணங்கள் எனக்கும் தெரியும். இராணுவ முகாம்களுக்கு நடுவே வாழ்ந்த ஊர்க்காரி நான், அந்தக் கோபத்தின் வேரை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றியம் என்பது பதிவுப் புத்தகத்தில் பெயருள்ள எல்லா மாணவருக்குமானது. பேராதனையில் எங்கள் பிள்ளையை அந்தப் பல்கலைக்கழக ஒன்றியம் காப்பாற்றியிருக்க வேண்டும் என்று நாம் கேட்டால், இங்கே தமிழ் தெரியாமல் தடுமாறும் ஒரு பிள்ளையின் முறைப்பாட்டையும் இந்த ஒன்றியம் கேட்க வேண்டும். இதில் உங்கள் அரசியலை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. தூபிக்கு முன்னால் நிற்கிற உரிமை உங்களுடையது. அந்தப் பிள்ளைக்கு விடுதியில் பயமில்லாமல் தூங்குகிற உரிமை இருக்கிறது.

காசு விடயம். வெள்ளம் வந்தால் நிவாரணம் சேர்க்கிறீர்கள், நினைவேந்தலுக்குச் சேர்க்கிறீர்கள், வெளிநாட்டிலிருந்து பழைய மாணவர்களும் அனுப்புகிறார்கள். பெரும் பொருளாளராக ஒரு விரிவுரையாளர் இருக்கிறார் என்பதால் உங்கள் பொறுப்பு முடிந்துவிடாது. ஒவ்வொரு அரையாண்டும் வரவையும் செலவையும் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். ஒட்டாத கணக்கைப் பற்றித்தான் ஊர் கதைக்கும். தேர்தல் காலத்தில் கட்சிக்காரர்கள் உங்களைத் தேடி வரும்போது அந்தப் பலகைதான் உங்களுக்குக் காவல்.

இன்னொன்று, கோப்பு. ஒன்றியத்தின் காலம் ஒரு வருடம். யாரிடம் பேசினால் பெறுபேறு சீக்கிரம் வரும், விடுதி மேன்முறையீட்டுக்கு எந்தத் திகதிக்கு முன் எழுத வேண்டும், பீடச் சபையில் மாணவர் பிரதிநிதியாக இருப்பவர் எதைக் கேட்கலாம் என்பதெல்லாம் ஒருவர் தலைக்குள் சேர்ந்து அவர் பட்டம் பெறும் நாளில் அவரோடு வெளியே போய்விடுகிறது. அடுத்து வருகிறவர்கள் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறார்கள். நிர்வாகத்துக்கு இது தெரியும். பிறகு பார்ப்போம் என்று ஆறு மாதம் இழுத்தால் ஒன்றியமே மாறிவிடும் என்பதும் தெரியும். பேசிய ஒவ்வொரு கூட்டத்தையும் திகதியோடு எழுதி, கிடைத்த பதில் கடிதங்களைக் கோப்பிலிட்டு, பதவி மாறும் நாளில் கையளியுங்கள். அலுப்பான வேலைதான். பதவியேற்பில் போடும் மாலையைவிட அடுத்த ஒன்றியத்துக்கு அது பெறுமதியானது.

புதிய பட்ச் வரப்போகிறது. என் வகுப்பிலிருந்தும் வருகிறார்கள். அவர்கள் உள்ளே வரும் முதல் நாளில் திருநெல்வேலி வாசலிலும் அறிவியல்நகர் வாசலிலும் ஒன்றியத்தின் பெயரில் ஒரு பலகை வையுங்கள். பகிடிவதை செய்கிறவருக்கு ஒன்றியத்தில் இடமில்லை, அவர் எங்கள் நண்பராக இருந்தாலும் முறைப்பாட்டை நாங்களே கொண்டுபோவோம் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதில் எழுதுங்கள். கீழே உங்களில் இரண்டு பேரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்கட்டும், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். இரவு எத்தனை மணிக்கு அழைப்பு வந்தாலும் எடுத்துப் பேசுங்கள்.

அன்புடன்,
வன்னியிலிருந்து ஓர் ஆசிரியை